மதுரையில் வீட்டிலேயே சைட்கார் கலப்பது எப்படி?

சைட்கார் மூன்றே பொருளில் அமையும் காக்டெய்ல். பிராந்தி, ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது (ஆரஞ்சு லிக்கர்), எலுமிச்சைச் சாறு. இவற்றை ஐஸோடு குலுக்கி வடிகட்டினால் வேலை முடிந்தது. ஆனால் நம் ஊரில் உட்கார்ந்து செய்யப் பார்த்தால் எல்லா இடத்திலும் இடிக்கும். குறிப்புகள் எல்லாம் பிரெஞ்சு பிராந்தியில் ஆரம்பிக்கின்றன. ஆரஞ்சு மது பக்கத்துக் கடையில் இருக்காது. அவர்கள் சொல்லும் எலுமிச்சையும் நம் எலுமிச்சையும் ஒரே பழம் இல்லை. சித்திரை வெயிலில் ஐஸ் குலுக்கி முடிப்பதற்குள் பாதி தண்ணீராகிவிடும். இத்தனையிலும் முட்டி மோதி, எது வேலைக்கு ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டதைத்தான் கீழே வரிசையாகக் கொடுத்திருக்கிறேன்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். விலையுயர்ந்த பாட்டில் வாங்குவதால் இந்தப் பானம் நன்றாக வந்துவிடாது. ஆரஞ்சுத் தோலைக் கவனமாகச் சீவுவதும், மில்லி கணக்கில் அளந்து ஊற்றுவதும்தான் இதைத் தூக்கி நிறுத்தும். கண்ணளவில் ஊற்றும் பழக்கத்தை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

21 வயது நிரம்பாதவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும், குடியை விட்டவர்களும், விட முயல்கிறவர்களும் இதைத் தாண்டிப் படிக்க வேண்டாம். சர்க்கரைக்கோ, தூக்கத்துக்கோ, வலிப்புக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொடாதீர்கள்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

சனிக்கிழமை மாலை குடிக்க வேண்டும் என்றால் புதன்கிழமையே வேலை தொடங்குகிறது. ஆரஞ்சுத் தோல் மதுவில் மூன்று நாள் ஊற வேண்டும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான் பலர் சனிக்கிழமை மாலை ஆரஞ்சு ஸ்குவாஷை ஊற்றிச் சமாளிக்கிறார்கள். ஸ்குவாஷில் சர்க்கரையும் பழச்சாறும் எசென்ஸும் இருக்கும், தோலின் எண்ணெய் இருக்காது. ருசி மருந்து போல ஆகிவிடும். நன்னாரி சர்பத்தும் வேண்டாம். ஜிகர்தண்டாவுக்கு அது அருமை, எலுமிச்சையும் பிராந்தியும் சேரும் இடத்தில் அதன் வாசம் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

புதன் மதியத்துக்குப் பிறகு சரக்கு வாங்கி, இரவு தோல் ஊறப்போடுங்கள். வெள்ளி இரவு ஐஸ் வையுங்கள். சனி காலை தோலை வடிகட்டிப் பாகு சேருங்கள். எலுமிச்சையைச் சனி மாலைதான் பிழிய வேண்டும். குலுக்குவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

2. கடைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்பது விதி. முகம் சின்னதாகத் தெரிகிறவர்கள் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ கையில் வைத்திருங்கள். பாட்டிலில் அச்சிட்ட விலையைப் பார்த்துக் காசு கொடுங்கள், பில் கேட்டு வாங்குங்கள். வண்டியில் பாட்டில் எடுத்துப்போகும்போது யாராவது நிறுத்திக் கேட்டால் அந்தச் சின்னச் சீட்டு உதவும்.

விடுமுறை நாட்களைக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கடை கிடையாது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் மூடல்தான். நம் பக்கத்துக்கே உரியது ஒன்று உண்டு. அக்டோபர் கடைசியில் தேவர் ஜெயந்தியை ஒட்டி ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களிலும் மதுரையின் சில பகுதிகளிலும் கடைகளை மூடச் சொல்லி ஆட்சியர் உத்தரவு வருவதுண்டு. அந்த வாரத்தில் திட்டம் போட்டிருந்தால் முன்னதாகவே வாங்கி வையுங்கள்.

அடுத்தது பாண்டிச்சேரி. "அங்கே போகிற தம்பியிடம் சொன்னால் நல்ல ஆரஞ்சு லிக்கர் குறைந்த விலைக்குக் கிடைக்கும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். வேண்டாம். அங்கே சட்டப்படி வாங்கிய பாட்டிலாக இருந்தாலும், அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பாட்டில் பறிபோவதோடு நிற்காது, வழக்கும் சேர்ந்து வரும். காரைக்கால், மாஹே சரக்கும் இதே கதைதான்.

நேர் வழி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் யாராவது ஊருக்கு வந்தால், வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம். வழக்கமாக நாம் விஸ்கிதான் கேட்போம். இந்த முறை ஒரு பாட்டில் ஆரஞ்சு லிக்கர் கேளுங்கள். கடை ரசீதையும் போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாமல் பாட்டிலோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு பாட்டில் கிடைத்துவிட்டால் கீழே நான்காவது படியை நீங்கள் தாண்டிவிடலாம்.

3. பிராந்தி எது?

தமிழ்நாட்டில் பிராந்திக்குப் பஞ்சமில்லை. எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். லேபிளைத் திருப்பிப் படியுங்கள். "கிரேப் பிராந்தி" என்று தெளிவாகப் போட்டிருந்தால் அது திராட்சையிலிருந்து வந்தது. வெறும் பிராந்தி என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டோடு கொஞ்சம் திராட்சைச் சரக்கும் நிறமும் மணமும் சேர்ந்த கலவை. குடிக்கக் கூடாதது என்று இல்லை. ஆனால் எலுமிச்சை சேர்ந்ததும் அதில் உள்ள செயற்கை வாசம் தனியாகத் தூக்கலாகத் தெரியும்.

கடையில் நின்று முகர்ந்து பார்க்க முடியாது. அதனால் முதல் தடவை ஃபுல் வாங்காதீர்கள், ஒரு குவார்ட்டர் (180 மி.லி.) போதும். வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பூன் ஊற்றி முகர்ந்து பாருங்கள். வெனிலா ஐஸ்கிரீம் வாசமோ, கருகிய சர்க்கரை வாசமோ முதலில் மூக்கில் ஏறினால் அது சோடாவுக்குப் போகட்டும். உலர்ந்த திராட்சை, மரம் இரண்டும் லேசாகத் தெரிந்தால் சைட்காருக்கு ஆகும். நம் பிராந்தியில் ஆல்கஹால் பெரும்பாலும் 42.8 சதவீதம் இருக்கும், கலவைக்கு அந்த வலு சரியாக இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் பிரீமியம் வரிசையில் விலை குறைந்ததை எடுங்கள். அதற்கு மேல் செலவழிப்பது ஆரஞ்சும் எலுமிச்சையும் சேரும் இந்தப் பானத்தில் தெரியவே தெரியாது.

4. ஆரஞ்சு மது: முக்கால்வாசி வேலை இங்கேதான்

பிரெஞ்சு ஆரஞ்சு லிக்கர் எலைட் கடைகளில் எப்போதாவது கிடைக்கும். விலை ஆயிரக்கணக்கில் போகும், ஒரு கோப்பைக்கு 20 மி.லி. ஊற்ற அவ்வளவு செலவு தேவையில்லை. வீட்டில் செய்வது எளிது, மணமும் புதிதாக இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே கடையில் வாங்கிய மதுவில் தோலை ஊறவைக்கிறோம், அவ்வளவுதான். பழத்தைப் புளிக்கவைத்து வீட்டில் காய்ச்சி வடிப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தேவையானவை: 180 மி.லி. சாதாரண வோட்கா (பழ வாசனை எதுவும் சேர்க்காதது), மூன்று ஆரஞ்சு, 75 கிராம் சர்க்கரை, 50 மி.லி. தண்ணீர், இறுக மூடும் கண்ணாடி ஜாடி ஒன்று. வோட்கா இல்லையென்றால் வெள்ளை ரம் சரி. அதுவும் கிடைக்காவிட்டால் அதே பிராந்தியில் ஊறப்போடலாம், நிறம்தான் கறுக்கும்.

எந்த ஆரஞ்சு? குளிர்காலத்தில் கீழ்ப்பழனி மலையிலிருந்து, தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து கமலா ஆரஞ்சு மதுரைக்கு இறங்கும். பார்க்க அழகாக இருக்காது. தோல் தளர்ந்து, பச்சையும் மஞ்சளுமாக, அங்கங்கே கறுப்புப் புள்ளியோடு இருக்கும். இதற்கு அதைவிட நல்ல பழம் எனக்குத் தெரியாது. நாக்பூர் ஆரஞ்சு வரும் மாதங்களில் அதுவும் சரி. மற்ற மாதங்களில் ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆரஞ்சுதான் கிடைக்கும். அதன் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா போட்டு, பழத்தை நாரால் தேய்த்துக் கழுவி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சீவ வேண்டும். சாத்துக்குடித் தோலில் மணம் போதாது. முகத்துக்குப் போடும் ஆரஞ்சுத் தோல் பொடியை இதில் போட நினைக்காதீர்கள்.

இப்போது தோல். நமக்கு வேண்டியது மேலே இருக்கும் நிறமுள்ள மெல்லிய படலம் மட்டும்தான். அதன் அடியில் உள்ள வெள்ளைச் சதை கசக்கும். கெட்டித் தோல் ஆரஞ்சு என்றால் காய் சீவும் பீலரை அழுத்தாமல் ஓட்டுங்கள். கமலாவும் நாக்பூரும் தளர்ந்த தோல் என்பதால் பீலர் வழுக்கும். முதலில் தோலை உரித்து, உட்புறம் மேலாகப் பலகையில் விரித்து வைத்து, ஸ்பூன் விளிம்பால் வெள்ளையைச் சுரண்டி எடுங்கள். சுரண்டிய துண்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் பைகள் புள்ளி புள்ளியாக ஒளி ஊடுருவித் தெரியும். லேசாக மடக்கினால் பொடித் தூறலாக எண்ணெய் தெறிக்கும். சின்ன வயதில் ஒருவர் கண்ணில் ஒருவர் பீய்ச்சி விளையாடிய அதே எண்ணெய்தான் இந்தப் பானத்தின் மணமே.

கசப்பு கொஞ்சம் பிடிக்கும் என்றால் நார்த்தங்காய்த் தோலில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு சேருங்கள். அதற்கு மேல் வேண்டாம். எனக்கு அந்தக் கசப்பு இல்லாவிட்டால் வெறும் இனிப்பாகத் தோன்றுகிறது, வீட்டில் மற்றவர்களுக்கு அது வேண்டாம். உங்கள் விருப்பம்.

தோல்களை ஜாடியில் போட்டு வோட்காவை ஊற்றி, இறுக மூடி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். தினமும் ஒருமுறை குலுக்குங்கள். ஆரஞ்சு எண்ணெய் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால்தான் முதலில் தண்ணீர் சேர்க்காமல் வெறும் மதுவில் ஊறவைக்கிறோம். குளிர்காலத்தில் மூன்று நாள். சித்திரை, வைகாசியில் நம் சமையலறைச் சூட்டுக்கு இரண்டு நாளே போதும். இரண்டாம் நாளிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். மணம் நிறைந்து, கசப்பு எட்டிப்பார்க்கத் தொடங்கும் நேரத்தில் வடிகட்டிவிட வேண்டும். வாரக் கணக்கில் போட்டு வைத்தால் நன்றாக ஊறும் என்பது ஊறுகாய்க்குத்தான் பொருந்தும், இதற்கு இல்லை.

வடிகட்டிய பிறகு பாகு. சர்க்கரையையும் தண்ணீரையும் மிதமான தீயில் வைத்து, கரைந்ததும் இறக்குங்கள். கம்பிப் பதம் வேண்டாம். முழுக்க ஆறிய பிறகுதான் மதுவோடு சேர்க்க வேண்டும். சூட்டில் ஊற்றினால் மணம் பறந்துவிடும். அதைவிட முக்கியம், பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் ஆல்கஹால் ஆவி தீப்பற்றும். அடுப்பை அணைத்துவிட்டு வேறு மேசையில் வைத்துக் கலக்குங்கள். பாகு சேர்ந்ததும் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். ஆல்கஹால் சதவீதம் குறைந்ததால் எண்ணெய் வெளிவருகிறது, அவ்வளவுதான்.

சுமார் 250 மி.லி. கிடைக்கும், பன்னிரண்டு கோப்பைக்குத் தாராளம். வலு ஏறக்குறைய 28 சதவீதம் இருக்கும். பாட்டிலில் ஊற்றியதும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள், பூட்டிய இடத்தில் வையுங்கள். பார்க்க அசல் ஜூஸ் மாதிரியே இருக்கும், வாசமும் இனிப்பும் பிள்ளைகளை இழுக்கும். ஃபிரிட்ஜ் கதவில் வைக்கவே வேண்டாம்.

5. எலுமிச்சை

குறிப்புகளில் வருவது மஞ்சளாக, நீளமாக, தடித்த தோலோடு இருக்கும் வெளிநாட்டு எலுமிச்சை. நம்முடையது சின்ன உருண்டைப் பழம். புளிப்பு கூர்மையாகவும், பின்னால் லேசான கசப்போடும் இருக்கும். ஆகவே வெளிநாட்டு அளவை அப்படியே எடுத்தால் முகம் சுளிக்க வைக்கும். அங்கே 20 மி.லி. என்றால் இங்கே 15 மி.லி. போதும்.

தோல் மெலிதாக, மஞ்சளாக, கையில் கனமாக இருக்கும் பழமாக எடுங்கள். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காலையில் போனால் புளியங்குடிப் பழம் நல்லதாகக் கிடைக்கும். ஒரு நல்ல பழம் 15 மி.லி. சாறு தரும். ஒரு கோப்பைக்கு ஒன்று, கூட ஒன்று கைக்காவலுக்கு என்று கணக்கு வையுங்கள். சித்திரைத் திருவிழா நேரத்தில் விலை எகிறும். ஆடி மாதம் அம்மன் கோயில்களுக்கும் எலுமிச்சை போகும் என்பதால் அப்போதும் கொஞ்சம் ஏற்றம்தான்.

ஃபிரிட்ஜில் இருந்த பழத்தை அரை மணி நேரம் வெளியே வைத்து, தரையில் உள்ளங்கையால் உருட்டிவிட்டு நறுக்குங்கள். பிழியும்போது கடைசிச் சொட்டு வரை நசுக்காதீர்கள். தோலின் கசப்பு இறங்கிவிடும். கொட்டையை டீ வடிகட்டியில் பிடியுங்கள். காலையில் பிழிந்து வைத்த சாறு மாலைக்குள் சோர்ந்துவிடும், பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாறு எந்த நேரத்திலும் சோர்ந்ததுதான்.

6. ஐஸ்

வெள்ளி இரவே வைத்துவிடுங்கள். போர் தண்ணீரில் உப்பும் வாசமும் வரும், குடிக்கிற கேன் தண்ணீர் அல்லது காய்ச்சி ஆறிய தண்ணீர் எடுங்கள். ஃபிரீஸரில் மீனோ கறியோ இருந்தால் ஐஸ் டிரேயை மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். ஐஸ் வாசத்தை இழுக்கும், மீன் வாடை அடிக்கும் சைட்காரைக் காப்பாற்ற வழியே கிடையாது. கட்டிகள் பெரிதாக இருந்தால் மெதுவாகக் கரையும். சின்னக் கிண்ணங்களில் உறைய வைத்தாலும் ஆகும். மீன் மார்க்கெட்டில் விற்கும் பாளம் ஐஸ் குடிப்பதற்கு உரியது அல்ல, அவசரத்துக்கும் வாங்காதீர்கள்.

ஒரு கோப்பைக்குக் கைப்பிடி நிறைய, அதாவது ஆறேழு கட்டி வேண்டும். ஐஸை மிச்சம் பிடித்தால் கலவை குளிராது, இருக்கிற ஐஸ் மட்டும் கரைந்து தண்ணீர் ஏறும். ஐஸ் நிறையப் போட்டால் பானம் நீர்த்துவிடும் என்று நினைப்பது தலைகீழ்.

7. பாத்திரமும் அளவும்

காக்டெய்ல் ஷேக்கர் வாங்க வேண்டாம். அரை லிட்டருக்குக் குறையாத எவர்சில்வர் வாட்டர் பாட்டில், வாய் அகலமாக, மூடி திருகி மூடுவதாக இருந்தால் போதும். கண்ணாடி ஊறுகாய் ஜாடியும் ஆகும், கழுவிய பிறகும் ஊறுகாய் வாசம் இருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். ஜிம்முக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், அதில் ஊறிய வாசம் போகவே போகாது. செம்பு, பித்தளை, அலுமினியம் எதிலும் எலுமிச்சையும் மதுவும் சேர்ந்த கலவையை ஊற்றாதீர்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

அளப்பதற்கு மெடிக்கலில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியும் சரியான அளவுதான், நன்றாகக் கழுவி எடுங்கள். பெக் மெஷர் வைத்திருப்பவர்கள் 30, 60 என்ற கோடுகளோடு நின்றுவிடுவார்கள். இங்கே 15-க்கும் 20-க்கும் நடுவே உள்ள 5 மி.லி.தான் ருசியைத் தீர்மானிக்கிறது.

ஊற்றிக் குடிக்க, காம்புள்ள கண்ணாடி ஐஸ்கிரீம் கப் எடுங்கள். கல்யாணத்தில் அன்பளிப்பாக வந்து, பிரிக்காமல் பரணில் கிடக்கும் ஆறு கப் செட் பல வீடுகளில் உண்டு. அதுதான் இதற்குப் பொருத்தமானது. கொள்ளளவு 130 மி.லி.க்குக் குறையக் கூடாது. அரை மணி நேரம் ஃபிரீஸரில் வையுங்கள்.

8. கலக்கும் முறை

முதலில் கப்பின் விளிம்பு. வெட்டிய எலுமிச்சையால் விளிம்பின் பாதி வட்டத்தை மட்டும் தடவி, தட்டில் பரப்பிய சர்க்கரையில் ஒற்றி எடுங்கள். முழு வட்டமும் ஒட்டினால் ஒவ்வொரு வாய்க்கும் இனிப்பு வந்து திகட்டும். பாதி இருந்தால் வேண்டியபோது திருப்பிக்கொள்ளலாம். மிக்ஸியில் பொடித்த சர்க்கரை கூழாகிவிடும், கல்லுரலில் ஒன்றிரண்டாகத் தட்டியதுதான் நிற்கும். ஒட்டியதும் கப்பைத் திரும்ப ஃபிரீஸரில் வையுங்கள். சர்க்கரை பிடிக்காதவர்கள் இதை விட்டுவிடலாம், தவறே இல்லை.

எவர்சில்வர் பாட்டிலில் ஊற்ற வேண்டிய அளவு:

பிராந்தி 50 மி.லி.
ஆரஞ்சு மது 20 மி.லி.
எலுமிச்சைச் சாறு 15 மி.லி.

பார் தொழிலில் பரவலாகப் பின்பற்றும் அளவு 50, 20, 20. நம் எலுமிச்சைக்காகக் கடைசி எண்ணை மட்டும் குறைத்திருக்கிறேன்.

ஐஸை எப்போதும் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டுவிட்டு ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தால், அளந்து முடிப்பதற்குள் அடியில் தண்ணீர் தேங்கிவிடும். மூடியை இறுக்கி, ஒரு கையால் மூடியையும் மறு கையால் அடியையும் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கி வேகமாக 12 முதல் 15 விநாடி வரை குலுக்குங்கள். உள்ளே ஐஸ் மோதும் சத்தம் முதலில் கணீரென்று கேட்கும், பிறகு மட்டுப்படும். பாட்டிலின் வெளிப்புறம் வியர்த்து, விரல் விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்ததும் நிறுத்துங்கள். மூடி இறுகித் திறக்க வரவில்லை என்றால் விளிம்பில் மட்டும் சாதாரணத் தண்ணீரை ஓடவிட்டால் கழன்றுவிடும். பல்லால் கடித்துத் திறக்க முயல வேண்டாம்.

டீ வடிகட்டி வழியாகக் கப்பில் ஊற்றுங்கள். ஐஸ் துணுக்கு, எலுமிச்சைச் சக்கை எல்லாம் அதில் நின்றுவிடும். 85 மி.லி. ஊற்றியது ஐஸ் தண்ணீரோடு சேர்ந்து 105, 110 மி.லி. வரை வரும். அந்தத் தண்ணீரும் பானத்தின் ஒரு பகுதிதான். கடைசியாக இரண்டு விரல் அகலத்துக்கு ஆரஞ்சுத் தோல் ஒன்று சீவி, கப்பின் மேல் பிடித்து மடக்கி எண்ணெயைத் தெறிக்கவிட்டு, தோலை உள்ளே போடுங்கள். உடனே குடியுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் வைத்தால் சூடேறி அதன் அழகே போய்விடும். கப்பில் ஐஸ் போடும் பழக்கம் இதற்குக் கிடையாது, சோடாவும் சேராது.

இரண்டு பேருக்கு ஒரே பாட்டிலில் சேர்த்துக் கலக்கலாம். நான்கு பேர் என்றால் இரண்டு முறையாகக் குலுக்குங்கள், ஒரே முறையில் போட்டால் இடம் போதாமல் ஐஸ் அசையாது.

சைடு டிஷ் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். மிளகு தூக்கலான சுக்காவோ ஈரலோ இதோடு சேர்ந்தால் நாக்குக்கு இரண்டுமே தெரியாது. உப்புக் கடலை, வறுத்த முந்திரி, பனீர் துண்டு மாதிரி சாதுவாக ஏதாவது வையுங்கள். சுக்கா பிறகு சாப்பாட்டோடு வரட்டும். ஆனால் வெறும் வயிற்றில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

9. ருசி சரியாக வரவில்லை என்றால்

புளிப்பு தூக்கலா? ஆரஞ்சு மது 5 மி.லி. கூட்டி, இரண்டு ஐஸ் போட்டு ஐந்து விநாடி குலுக்குங்கள். வெறும் சர்க்கரையைக் கொட்ட வேண்டாம், குளிரில் கரையாமல் அடியில் நிற்கும். இனிப்பு திகட்டுகிறதா? எலுமிச்சைச் சாறு 5 மி.லி. கூட்டுங்கள். பானம் தண்ணியாக இருந்தால் ஐஸ் பழையது அல்லது போதவில்லை. அந்தக் கப்பைச் சரிசெய்ய முடியாது, அடுத்ததில் பாருங்கள். மது நெடி மூக்கில் ஏறினால் போதிய அளவு குலுக்கவில்லை என்று அர்த்தம். பிராந்தி கரடுமுரடாக இருந்தால் ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பு அதை மட்டுப்படுத்தும்.

கசந்தால் காரணம் ஆரஞ்சுத் தோலின் வெள்ளை, அல்லது எலுமிச்சையை நசுக்கியது. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஆரஞ்சு மதுவைத் தனியாக ஒரு சொட்டு சுவைத்துப் பாருங்கள்.

10. செலவுக் கணக்கு

விலை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நீங்களே போட்டுப் பார்க்கக் கணக்கைத் தருகிறேன். ஒரு குவார்ட்டர் 180 மி.லி. என்பது மூன்று கோப்பைக்கு வரும், 30 மி.லி. மிஞ்சும். பிராந்தி குவார்ட்டர் 250 ரூபாய் என்று வைத்தால் ஒரு கோப்பைக்கு 70 ரூபாய். அதே விலையில் வோட்கா, 60 ரூபாய்க்கு ஆரஞ்சு, கொஞ்சம் சர்க்கரை என்று ஆரஞ்சு மதுவுக்கு 315 ரூபாய் ஆகும். பன்னிரண்டால் வகுத்தால் கோப்பைக்கு 26 ரூபாய். எலுமிச்சை சீசனில் 4 ரூபாய், கோடையில் 10 ரூபாய் அல்லது அதற்கு மேல். ஆக, 100 முதல் 110 ரூபாய்க்குள் ஒரு கோப்பை முடிந்துவிடும். சிரிஞ்சு பத்து, பதினைந்து ரூபாய். பாட்டிலும் கப்பும் வீட்டிலேயே இருப்பவை.

நண்பர்கள் வந்தால் செலவைப் பங்கு போட்டுச் சரக்கு வாங்குவது வேறு, கலந்து கொடுத்து ஒரு கோப்பைக்கு இவ்வளவு என்று காசு வாங்குவது வேறு. இரண்டாவது உரிமம் இல்லாத விற்பனை. விளையாட்டுக்குக்கூட அப்படிச் செய்யாதீர்கள்.

11. குடித்த பிறகு

இது சின்னக் கப்பில் வருவதாலும், புளிப்பும் இனிப்புமாக இறங்குவதாலும் லேசான பானம் என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். 50 மி.லி. பிராந்தியிலும் 20 மி.லி. ஆரஞ்சு மதுவிலும் சேர்த்துச் சுத்த ஆல்கஹால் 27 மி.லி. வருகிறது. ஒரு லார்ஜில் (60 மி.லி. பிராந்தி) இருப்பது 26 மி.லி.தான். ஆக ஒரு கப் என்பது முழுசாக ஒரு லார்ஜ். இரண்டாவது கப்பைத் தொடும் முன் ஒரு மணி நேரம் விடுங்கள், நடுவில் தண்ணீர் குடியுங்கள், இரண்டோடு நிறுத்துங்கள்.

வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். நடுத்தர எடையுள்ள ஒருவருக்கு இந்த ஒரு கப்பே அதைத் தாண்டிவிடக்கூடும். முதல் முறை சிக்கினால் 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வந்தவர்கள் பைக் சாவியை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். அண்ணா நகரிலிருந்து திருநகருக்கு ஆட்டோக் காசு கொடுப்பது எவ்வளவோ மேல்.

மிச்சமான ஆரஞ்சு மது மூடிய கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு மாதம் வரை மணம் குறையாமல் இருக்கும், அதற்குப் பிறகு கெடாது, மணம்தான் மங்கும். ஊறிய தோலைப் பிள்ளைகள் கை படும் குப்பையில் போடாதீர்கள், அதில் மது இருக்கிறது. காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் உங்கள் கடையில் நடப்பில் இருந்தால், வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்த 10 ரூபாய், ஸ்டிக்கர் கிழியாமல் பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். அதனால் தோல் ஊறப்போடவும் ஆரஞ்சு மது ஊற்றி வைக்கவும் கடைப் பாட்டிலை எடுக்காமல் தனி ஜாடி வைத்துக்கொள்ளுங்கள்.